நூல் நீளாது, கண்ணி நீளும்

இடுப்பு 72 சென்டிமீட்டர். அங்கிருந்து ஒரு சாண் இறங்கி, தையல்காரர்கள் ‘சீட்’ என்று அளக்கும் இடத்தில் நாடாவைச் சுற்றினால் 96. மெல்லிய பருத்தி நூலில் குரோஷா ஊசியால் லேஸ் ஸ்கர்ட் பின்ன உட்காருகிறவர் முதலில் சந்திப்பது இப்படி இரண்டு எண்களைத்தான். காலில் நுழைத்து மேலே ஏற்றும்போது ஸ்கர்ட்டின் வாய் 96 சென்டிமீட்டருக்கு விரிய வேண்டும். ஏறியதும் 72-க்குத் திரும்பி இடுப்பைப் பிடித்து நிற்க வேண்டும். அதாவது மூன்றில் ஒரு பங்கு நீட்சி. பருத்தி இழையோ 7, 8 விழுக்காடு நீண்டதுமே அறுந்துவிடும். ரப்பர் தன்மை துளியும் இல்லாத இந்த நூலிலிருந்து, கத்தரி படாமல், தையல் மடிப்பு இல்லாமல், உடலின் வளைவோடு பொருந்தும் உடை எப்படி உருவாகிறது? பதிலில் கொஞ்சம் வேதியியலும் உராய்வும் இருக்கின்றன. பெரும்பங்கு வடிவியல்.

பருத்தி இழை ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். விதையின் மேல்தோலில் உள்ள செல் வெளிப்புறமாக வளர்ந்து ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் வரை ஓடுகிறது. அகலம் மில்லிமீட்டரில் 50-ல் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. நீண்டு முடித்த பிறகு அதன் உட்சுவரில் செல்லுலோஸ் படலம் படலமாகப் படிகிறது. காய் வெடித்து வெயிலில் காயும்போது உள்ளிருந்த சாறு வற்ற, உருண்டையாக இருந்த இழை தட்டையாகி முறுக்கிக்கொள்கிறது. அந்த இயற்கை முறுக்கு இருப்பதால்தான் இழைகள் ஒன்றையொன்று பற்றுகின்றன, பஞ்சை நூலாக நூற்க முடிகிறது. ஆனால் தட்டையும் முறுக்குமான மேற்பரப்பு ஒளியைப் பல திசைகளில் சிதறடிக்கும். சாதாரணப் பருத்தி நூல் மங்கலாகத் தெரிவது அதனால்தான்.

கடையில் வாங்கும் குரோஷா நூலுண்டை அப்படி மங்கலாக இருப்பதில்லை. அதன் பளபளப்பின் கதை 1844-ல் தொடங்குகிறது. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் துணி அச்சிடும் தொழிலில் இருந்த ஜான் மெர்சர், அடர்த்தியான காஸ்டிக் சோடாக் கரைசலைப் பருத்தித் துணியால் வடிகட்டினார். துணி தடித்துச் சுருங்கிப் போனதைக் கவனித்து, விடாமல் ஆராய்ந்து, 1850-ல் காப்புரிமை பெற்றார். அப்படிப் பதப்படுத்திய துணியின் வலிமை கூடியது, சாயமும் நன்றாகப் பிடித்தது. ஆனால் ஐந்தில் ஒரு பங்குவரை துணி சுருங்கினால் எந்த ஆலைக்குக் கட்டுப்படியாகும்? கண்டுபிடிப்பு கிடப்பில் கிடந்தது. 1890-ல் ஹொரேஸ் லோ நூலைச் சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்தபடியே அதே காரத்தில் நனைத்துப் பார்த்தார். இழை உப்பி, தட்டை நிலை மாறி உருண்டு, முறுக்கு பிரிந்து நேரானது. ஒளி ஒரே சீராகத் திரும்பியது. மெர்சரைஸ் செய்த நூல் என்று உறையில் அச்சிட்டிருப்பது இதைத்தான். லேஸுக்கு இது அழகுச் சேர்க்கை மட்டும் இல்லை. பொசுபொசுவென்ற நூலில் துளைகளின் விளிம்பு மங்கிவிடும். வழவழப்பான நூலில் ஒவ்வொரு கண்ணியும் தெளிவாகத் தெரியும், கொக்கியும் தடங்கலின்றி வழுக்கிச் செல்லும்.

இனி கண்ணிக்கு வருவோம். கொக்கியில் ஒரு கண்ணி இருக்கிறது. நூலை ஒரு முறை கொக்கியில் சுற்றி, கீழ் வரிசைக் கண்ணியின் தலைக்குள் நுழைத்து, நூலைப் பிடித்து வெளியே இழுக்கிறோம். இப்போது கொக்கியில் மூன்று வளையங்கள். நூலைப் பிடித்து இரண்டுக்குள் இழுத்தால் இரண்டு மிஞ்சும். மறுபடி பிடித்து அந்த இரண்டுக்குள்ளும் இழுத்தால் ஒன்றே ஒன்று. ஒரு டபுள் குரோஷா முடிந்தது. தலைப்பகுதியில் சங்கிலியின் ஒரு கண்ணியும் அதன் கீழே தூணாக நிற்கும் காலும் உருவாகியிருக்கின்றன. அந்தக் கால் கீழ் வரிசையோடும் பக்கத்துக் கண்ணியோடும் பூட்டப்பட்டிருக்கிறது. நிட்டிங்கில் ஒரு வரிசை முழுவதும் ஊசியில் திறந்தே கிடக்கும். ஒரு கண்ணி நழுவினால் கீழே வரை பிரிந்துகொண்டு போகும். குரோஷாவில் எப்போதும் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி. அதனால் நடுவில் எங்கும் அவிழாது. நிட்டிங் அளவுக்கு விரிந்து கொடுக்காததற்கும் இந்தப் பூட்டுதான் காரணம்.

பின்னிய துண்டின் இரு பக்கங்களைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். முதலில் எளிதாக விரியும். சிறிது தூரத்துக்குப் பிறகு சட்டென்று இறுகும். எளிதாக விரியும்போது நூல் நீளவே இல்லை, வளைந்து கிடந்த இடங்கள் நிமிர்கின்றன. நூலை நிமிர்த்தத் தேவையான விசை அதை நீட்டத் தேவையான விசையில் மிகச் சிறிய பங்கு. வளைவெல்லாம் நிமிர்ந்து தீர்ந்தபின்தான் இழையே பளுவைத் தாங்கத் தொடங்குகிறது. பக்கவாட்டில் விரிந்த துண்டு உயரத்தில் குறைவதையும் காணலாம், ஏனென்றால் நூலின் மொத்த நீளம் மாறவில்லை. தூணில் இருந்த நூல் குறுக்கே போயிருக்கிறது.

கையை விட்டால் துண்டு திரும்பி வரும். ஆனால் முழுதாக வராது. வளைந்த நூல் பழைய வளைவுக்குத் திரும்ப முயல்கிறது. நூலும் நூலும் உரசும் இடங்களில் உராய்வு அதைத் தடுக்கிறது. உட்கார்ந்து எழுந்த பருத்தி ஸ்கர்ட்டின் பின்புறம் புடைத்தே நிற்பது இதனால்தான். உராய்வைக் குறை சொல்லவும் முடியாது, கண்ணிகளைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். வளைந்த பரப்பில் சுற்றிய கயிற்றில் இழுவிசை அடுக்குக்குறி விதிப்படி பெருகும் என்பது ஆய்லர் காலத்துக் கணக்கு. உராய்வுக் கெழு 0.25 என்று வைத்தால், ஒரே ஒரு முழுச் சுற்று இழுவிசையை ஏறத்தாழ 5 மடங்காக்கிவிடும். இடது கைச் சுண்டுவிரலில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பின்னும் பழக்கம் அதற்குத்தான். விரலைச் சற்று மடக்கினால் போதும், நூல் வரும் இறுக்கம் மாறிவிடும். ஆயிரக்கணக்கான கண்ணிகளை ஒரே அளவில் வைத்திருப்பது அந்தச் சுண்டுவிரல்.

ஆகவே, மூன்றில் ஒரு பங்கு நீட்சியைக் கண்ணிகளால் தர முடிந்தாலும், ஒவ்வொரு முறையும் அவை பழைய அளவுக்குத் திரும்பும் என்று நம்பிப் பின்ன முடியாது என்றே சொல்வேன். கண்ணிகளுக்கு அந்த வேலையைக் கொடுக்காமல் இடுப்புப் பட்டியைக் குட்டைக் கண்ணியான சிங்கிள் குரோஷாவில் நெருக்கமாகப் பின்னி, பக்கத்தில் திறப்பு வைத்துக் கொக்கியோ ஜிப்போ தைப்பது நல்லது. அல்லது இடுப்பில் ஒரு வரிசை கட்டங்களை விட்டு அதில் நாடா கோக்கலாம்.

வடிவத்துக்கு வருவோம். 1827-ல் கார்ல் பிரெடரிக் காஸ் நிறுவிய ஒரு தேற்றம் தையற்கடைக்கும் பொருந்தும். ஒரு பரப்பின் வளைமையை அந்தப் பரப்பின் மேலேயே அளக்கும் தூரங்களிலிருந்து கண்டுபிடித்துவிடலாம் என்கிறது அது. தட்டையான தாளைச் சுருட்டலாம், கூம்பாக்கலாம். எங்கும் நீட்டாமல் சுருக்காமல் பந்தின் மேல் படிய வைக்க முடியாது. நெய்த துணிக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். அதனால்தான் இடுப்புக்குக் கீழே டார்ட் என்ற மடிப்புத் தையல் பிடிக்கிறார்கள், வளைத்து வெட்டிய துண்டுகளைச் சேர்த்துத் தைக்கிறார்கள். குரோஷாவில் துணியும் வடிவமும் ஒன்றாகவே பிறக்கின்றன. ஒரு வரிசையில் எத்தனை கண்ணி என்பது நம் கையில் இருப்பதால், பரப்பின் மேலுள்ள தூரங்களையே நாம் எழுதுகிறோம்.

எளிய உதாரணம் தட்டையான வட்டம். ஆரம் ஒரு அலகு கூடினால் சுற்றளவு 2π அலகு, அதாவது 6.28 கூட வேண்டும். சிங்கிள் குரோஷாக் கண்ணியின் உயரமும் அகலமும் கிட்டத்தட்டச் சமம். எனவே சுற்றுக்கு 6 கண்ணி கூட்டுகிறோம். டபுள் குரோஷாவின் உயரம் அகலத்தைப் போல் இரு மடங்கு, எனவே 12. டீப்பாய் விரிப்பு பின்னும் பாட்டிமார்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த இந்த 6-ம் 12-ம் உண்மையில் π-யின் மதிப்பைத்தான் கையில் வைத்திருக்கின்றன.

ஸ்கர்ட்டுக்கு வட்டம் வேண்டாம். எண்களைப் போட்டுப் பார்ப்போம். மாதிரித் துண்டில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 40 கண்ணி, 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 16 வரிசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னல் ‘ஃபிலே’ வகை: ஒரு டபுள் குரோஷா, இரண்டு சங்கிலிக் கண்ணி, மறுபடி ஒரு டபுள் குரோஷா என்று போகும் கட்டங்கள். சில கட்டங்களைக் காலியாக விட்டு, சிலவற்றைக் கண்ணியால் நிரப்பினால் பூவும் கொடியும் தோன்றும். கட்டத்துக்கு 3 கண்ணி இடம். இடுப்பில் 72 சென்டிமீட்டருக்கு 288 கண்ணி, அதாவது 96 கட்டம். சீட்டில் 96 சென்டிமீட்டருக்கு 384 கண்ணி, 128 கட்டம். இடையிலுள்ள 20 சென்டிமீட்டரில் 32 சுற்று. கூட்ட வேண்டியதும் 32 கட்டம். சுற்றுக்கு ஒரு கட்டம் கூட்டினால் கணக்கு நேராகிவிடும் என்று தோன்றும்.

கணக்கு நேராகும், ஆனால் பொருந்தாது. சுற்றுக்கு ஒரே அளவில் கூட்டினால் கிடைப்பது கூம்பு. கூம்பின் காஸ் வளைமை பூச்சியம்; தாளைச் சுருட்டியே அதைச் செய்துவிடலாம். மனித உடல் இடுப்பிலிருந்து சட்டென்று அகன்று, பிறகு மெதுவாக வளைந்து, சீட்டில் நேராகிறது. முக்கியமானது எத்தனை கூட்டுகிறோம் என்பதல்ல, கூட்டும் வேகம் எப்படி மாறுகிறது என்பது. வேகம் மாறாமல் இருந்தால் கூம்பு. குறைந்துகொண்டே போனால் வெளியே குவிந்த பரப்பு. ஏறிக்கொண்டே போனால் விளிம்பில் இடம் போதாமல் நெளியும் பரப்பு. எண்ணெயில் போட்ட அப்பளத்தின் ஓரம் நடுவை முந்திக்கொண்டு விரியும்போது அலையலையாக நெளிகிறதே, அதே வடிவியல்.

ஆகவே 32 கட்டங்களையும் எட்டுத் தவணையாக, தவணைக்கு நான்கு கட்டமாகப் பிரித்து, 2, 4, 7, 10, 14, 18, 23, 29 ஆகிய சுற்றுகளில் கூட்டலாம். தவணைகளுக்கு இடையிலான தூரம் 2, 3, 4, 5, 6 என்று விரிந்துகொண்டே போவதைக் கவனியுங்கள். கூட்டும் வேகம் குறைகிறது, பரப்பு குவிகிறது, ஸ்கர்ட் உடலின் மேல் படிகிறது. கூட்டும் நான்கு இடங்களையும் ஒவ்வொரு தவணையிலும் ஒரே செங்குத்துக் கோட்டில் வைத்தால் அங்கே மூலை தட்டும். வயிற்றுப்பக்கம் குறைவாகவும் பக்கங்களிலும் பின்புறத்திலும் அதிகமாகவும் சிதறி வைப்பது உடலுக்குச் செய்யும் நியாயம்.

கட்டங்களின் எண்ணிக்கையைத் தொடாமலே அகலத்தைக் கூட்டும் வழியும் உண்டு. இரண்டு சங்கிலிக்குப் பதில் மூன்று சங்கிலி போட்டால் கட்டத்தின் அகலம் 7.5 மில்லிமீட்டரிலிருந்து 10 ஆகிறது. 96 கட்டங்கள் 72 சென்டிமீட்டரிலிருந்து 96 சென்டிமீட்டருக்குப் போய்விடுகின்றன, பூவேலை எங்கும் வெட்டுப்படாமல். ஒரே தாவலாகத் தெரியாதிருக்க, நடுவே 1.25 மில்லிமீட்டர் கொக்கியிலிருந்து 1.5-க்கு மாறிச் சில வரிசை பின்னிவிட்டு, மூன்று சங்கிலி தொடங்கும்போது திரும்பவும் சிறிய கொக்கிக்கு வரலாம். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். எண்ணிக்கை மாறாததால் கீழே வரைக்கும் கொடி தொடர்ந்து ஓடும்.

அயர்லாந்துப் பெண்கள் முற்றிலும் வேறு வழியில் போனார்கள். 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஊர்கள் பட்டினியில் வாடியபோது, கன்னியர் மடங்களும் பாதிரியார் குடும்பங்களும் கற்றுக்கொடுத்த குரோஷா லேஸ் பல வீடுகளில் அடுப்பெரியச் செய்தது. மொனகன் மாவட்டத்துக் குளோன்ஸ் ஊரில் திருச்சபைக் குருவின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் 1847-ல் இந்த வேலையைத் தொடங்கிவைத்தார். ரோஜா, இலை, திராட்சைக் கொத்து என்று தனித்தனியாகப் பின்னி, உடையின் வடிவில் வெட்டிய துணியில் கவிழ்த்து இருத்தி, இடைவெளிகளை வலைப்பின்னலால் நிரப்புவார்கள். வளைவு வேண்டிய இடத்தில் வலை பெரிதாகும் அல்லது சிறிதாகும். பூக்கள் அப்படியே இருக்க, வடிவத்தின் சுமை முழுவதையும் வலை ஏற்றுக்கொள்கிறது.

சீட்டைத் தாண்டினால் ஸ்கர்ட் நேராக இறங்கும், வளைமை பூச்சியம். விளிம்பில் சுருக்கு வைக்க விரும்பினால் மூன்றாவது வடிவியல் தொடங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 6 கண்ணிக்கு ஒன்று என்ற விகிதத்தில் கூட்டிக்கொண்டே போனால், 384-ல் தொடங்கிப் பத்தே சுற்றில் ஏறத்தாழ 1,800 கண்ணியாகிவிடும். இந்தப் பெருக்கம்தான் கணிதத்தில் அதிபரவளையத் தளம் எனப்படும் விசித்திரப் பரப்பின் அடையாளம். நூறாண்டுக்கு மேலாகக் காகிதத்திலும் மனக்கண்ணிலும் மட்டுமே இருந்த அந்தப் பரப்பை, லாட்வியாவில் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கணிதவியலாளர் டைனா டைமினா 1997-ல் குரோஷா ஊசியால் பின்னினார். காகித மாதிரிகள் கையில் எடுத்தாலே கிழிந்தன. பின்னிய மாதிரியை மடிக்கலாம், அதன் மேல் நேர்கோடு தைத்து, இணைகோடுகள் எப்படி விலகி ஓடுகின்றன என்று மாணவர்களுக்குக் காட்டலாம். அவர் எழுதிய நூலுக்கு 2012-ல் ஆய்லர் நூல் பரிசு கிடைத்தது.

வட்டமாகப் பின்னும்போது இன்னொரு விஷயம் தொல்லை தரும். கண்ணியின் தலை அதன் காலுக்கு நேர் மேலே அமைவதில்லை, சற்று ஒரு பக்கம் ஒதுங்கும். ஒரே திசையில் சுற்றிச் சுற்றிப் பின்னினால் அந்தச் சிறு விலகல் வரிசைக்கு வரிசை சேர்ந்து, செங்குத்தாக நிற்க வேண்டிய கட்டங்கள் சாய்ந்துவிடும். பூவேலை உள்ள ஸ்கர்ட்டில் இது பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இணைத்து, திருப்பி, எதிர்த்திசையில் பின்னினால் ஒரு வரிசையின் சாய்வை அடுத்தது அழித்துவிடும்.

நூல் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும்? உறையிலுள்ள எண் கூடக் கூட நூல் மெலியும். திருப்பூரில் சொல்லும் ‘கவுண்ட்’ போலவே இதுவும் தலைகீழ்க் கணக்கு. நூலின் விட்டத்தைப் பாதியாக்கி, அதே பரப்பை அதே அடர்த்தியில் பின்னினால் கண்ணிகள் நான்கு மடங்காகும், நூலின் நீளம் இரு மடங்காகும், ஸ்கர்ட்டின் எடை பாதியாகும். வளைப்பதற்கான விறைப்போ அதைவிட வேகமாக விழுகிறது. ஒற்றைக் கம்பியானால் 16-ல் ஒரு பங்காகும். முறுக்கிய நூலில் இழைகள் ஒன்றன் மேல் ஒன்று நழுவுவதால் அவ்வளவு குறையாது. தடித்த நூலில் பின்னியது மூங்கில் தட்டியாக நிற்க, மெல்லிய நூலில் பின்னியது மடிந்து விழுவதற்குக் காரணம் இதுதான். அந்த மடிப்பின் விலை நேரம். 60 சென்டிமீட்டர் நீளமுள்ள நம் ஸ்கர்ட்டில் ஏறத்தாழ 35,000 கண்ணிக்கு இடமிருக்கிறது. எல்லாம் டபுள் குரோஷா என்றால் கொக்கி ஒரு லட்சம் முறைக்கு மேல் நூலை இழுக்க வேண்டும். பாதி விட்டமுள்ள நூலில் அது நான்கு லட்சம்.

இந்த லட்சங்களை எந்த ஆலை இயந்திரமும் செய்து தருவதில்லை. குரோஷே மெஷின் என்ற பெயரில் ஓடுபவை பாவு நூல்களைக் கொண்டு நிட்டிங் செய்பவை. பார்வைக்கு லேஸ்தான், கண்ணியின் அமைப்பு வேறு. ஆய்வகங்களில் ரோபோக்கள் தட்டுத் தடுமாறிப் பின்னப் பழகுகின்றன. கடையில் தொங்கும் உண்மையான குரோஷா உடை எதுவானாலும் அது யாரோ ஒருவரின் கைவேலை. ஆந்திரத்தின் கோதாவரி வடிநிலத்தில் உள்ள நரசாபுரம் வட்டாரத்தில் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த குரோஷாவை இன்றும் ஏராளமான பெண்கள் வீட்டிலிருந்தபடி பின்னுகிறார்கள். ஒருத்தி பூ பின்ன, இன்னொருத்தி இணைக்க, தரகர் வழியாகச் சரக்கு வெளிநாடு போகும். அந்தப் பெண்கள் தொழிலாளிகளாக எண்ணப்படாமல், ஓய்வு நேரத்தில் பின்னும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டதால் கூலி எவ்வளவு அடிமட்டத்தில் இருந்தது என்பதை ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-ல் வெளியான நூலில் விரிவாகப் பதிவு செய்தார். 2024-ல் நரசாபுரம் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குறியீட்டின் பலன் பின்னும் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு லட்சம் இழுப்புக்கு என்ன விலை என்று கேட்காமல் ஒரு லேஸ் ஸ்கர்ட்டின் விலையைப் பேரம் பேசக் கூடாது.

பின்னி முடித்த ஸ்கர்ட் கசங்கிச் சுருண்டு கிடக்கும். அதை நேராக்குவது தண்ணீர். செல்லுலோஸ் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. நீர் மூலக்கூறுகள் இடையில் புகுந்து சங்கிலிகளைப் பிரித்து, அவற்றோடு தாங்களே பிணைகின்றன. இழை குறுக்கே உப்புகிறது, வளையத் தயாராகிறது. ஈரத்தில் பருத்தியின் வலிமை குறையாது, கூடவே செய்யும்; எனவே அஞ்சாமல் இழுத்துப் பரப்பி, துருப்பிடிக்காத குண்டூசிகளால் வேண்டிய அளவில் குத்தி வைக்கலாம். நீர் வெளியேற வெளியேறச் சங்கிலிகள் புதிய இடங்களில் மறுபடி கைகோக்கின்றன. காய்ந்ததும் கட்டங்கள் சதுரமாக நிற்கும். அடுத்த சலவை வரை அது தாங்கும்.

கஞ்சி போடுவதும் இதே வேதியியல்தான். மாவுச்சத்து, செல்லுலோஸ் இரண்டுமே குளூக்கோஸ் கோத்த சங்கிலிகள். கோக்கும் கோணம் மட்டும் வேறு. அதனால் மாவுச்சத்து சுருளாகவும் செல்லுலோஸ் நேராகவும் அமைகின்றன. கஞ்சி இழைகளின் மேல் படிந்து, அதே ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொண்டு, அவற்றை நழுவ விடாமல் தடுக்கிறது. மேசை விரிப்புக்குக் கெட்டிக் கஞ்சி அழகு. ஸ்கர்ட்டுக்கு வேண்டாம், மெல்லிய நூலில் உழைத்துப் பெற்ற மடிப்பு அதில் தொலைந்துவிடும்.

நனைந்த ஸ்கர்ட்டைக் கொடியில் தொங்கவிடவே கூடாது. பருத்தி தன் எடையளவு நீரை எளிதில் ஏந்தும். அந்தப் பளு முழுவதும் மேல் வரிசைகளில் இறங்கும், கண்ணிகள் நெடுக்கே நீண்டு குறுக்கே ஒடுங்கும். காய்ந்த பிறகுதான் தொங்கல். கடைசி இரண்டு மூன்று வரிசைகளைப் பின்னாமல் நிறுத்திவைத்து, உலர்ந்த ஸ்கர்ட்டை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டால், தன் எடையால் நீள வேண்டியது நீண்டுவிடும். அதன் பிறகு உடுத்திக்கொண்டு, தரையில் அளவுகோலை நிறுத்தி முன்னும் பின்னும் பக்கமும் விளிம்பின் உயரத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பின்பக்கம் சற்று ஏறியிருக்கும், ஏனென்றால் சீட்டின் வளைவைச் சுற்றி இறங்கும் பாதை முன்பக்கத்துப் பாதையைவிட நீளம். பின்பாதியில் மட்டும் இரண்டொரு குட்டை வரிசைகள் பின்னித் திருப்பி, ஏற்றத்தைச் சமன் செய்துவிட்டு, அதன் மேல் கடைசிச் சுற்றை ஓட்டி நூலைக் கத்தரிக்கலாம்.